கப்பல் சாப்பாடு நல்லதா? அடுப்பிலிருந்து பீங்கானுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள்

கேள்வி இது: வெள்ளவத்தையிலிருந்து ஐந்து பேர் சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கும் புக்கெட்டும் தொட்டுவரும் 4 இரவுப் பெரிய கப்பலில் இடம் பதிய நினைக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவருக்கு 9 வயது, மற்றவருக்கு 4. கூடவே முட்டைகூடத் தொடாத சைவமான மாமி. ஏற்கெனவே போய்வந்த உறவினரில் ஒரு வீட்டார் சாப்பாடு அருமை என்கிறார்கள். அதே கப்பலில் போன இன்னொரு வீட்டார் ஆறின ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்கிறார்கள். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பலாம். ஒரே கப்பலில், ஒரே நாளில், இரண்டு விதமான சாப்பாடும் கிடைக்கும். கல்யாண மண்டபத்தில் முதற் பந்தியில் இருந்தவரும் நாலாம் பந்தியில் இருந்தவரும் ஒரே சமையலைப் பற்றி இரண்டு கதை சொல்வது போலத்தான். கப்பலின் பெயரை வைத்தோ நட்சத்திரத்தை வைத்தோ சாப்பாட்டை அளப்பதைவிட, அது அடுப்பிலிருந்து இறங்கி உங்கள் பீங்கானுக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்ப்பது பலமடங்கு உதவும். கப்பலில் எதைச் சாப்பிடுவது, எங்கே, எத்தனை மணிக்கு என்ற முடிவெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வரும்.

முதலில் குசினியைப் புரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ரோயல் கரீபியன் கம்பனியின் கப்பல்களில் ஓவேஷன் ஒஃப் த சீஸ் அளவானவற்றில் பயணிகள் மட்டும் 4,000க்கு மேல், பணியாளர் 1,500 அளவில். இத்தனை பேருக்கும் சமைக்கும் இடத்தில் காஸ் அடுப்பு இல்லை. நடுக்கடலில் தீ என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து என்பதால் மின்சாரத் தட்டுகள், நீராவியால் சூடாகும் பெரிய கொப்பரைகள், நீராவியும் சுடுகாற்றும் சேர்ந்த அடுப்புகள் ஆகியவற்றில்தான் சமையல் நடக்கிறது. கொம்பனித்தெருவில் பெரிய நெருப்பில் தாச்சி குலுங்கக் குலுங்கக் கிண்டித் தரும் பிரைட் றைஸின் வாசம் கப்பலில் வராததற்குக் காரணம் சமையற்காரரின் கைப்பக்குவம் இல்லை, நெருப்பு இல்லாததுதான். நான் றொட்டியும் அப்படித்தான்: தந்தூரின் கரி வாசம் இல்லாமல், வெளியே மென்மையாகவும் கொஞ்ச நேரத்தில் றப்பராகவும் ஆகிவிடும். ஆனால் தட்டையான சூடான தகட்டில் செய்பவை, அதாவது தோசை, ஒம்லெட், பான்கேக், பேர்கர், கப்பலில் நன்றாகவே வரும். கொப்பரையில் வேகும் பருப்பு, கடலை, சூப், இறைச்சிக் குழம்பு இவற்றுக்கும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது சூட்டுத்தட்டு. பஃபேயில் சமைத்த உணவு பரிமாறி முடியும்வரை 57 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கான விதி. குளிரானவை 5 பாகைக்கு மேலே போகக் கூடாது. கிருமி பெருகாமலிருக்க இது நல்ல ஏற்பாடு. சுவைக்கு எல்லா உணவும் இதைத் தாங்காது. 57 பாகைக்கு மேல் முக்கால் மணி நேரம் இருந்த மீன் துண்டு நார்நாராகிவிடும். ஸ்பகெட்டி சோஸைக் குடித்து ஊதிப்போகும். கிளறிய முட்டையிலிருந்து தண்ணீர் கசியும். பொரித்த எதுவும் மூடிக்குக் கீழே வியர்த்துத் துவண்டுவிடும். சோறு மேலே காய்ந்து அடியில் கட்டியாகும். பருப்போ, சனாவோ, ஆட்டிறைச்சிக் கறியோ, மரக்கறி ஸ்டூவோ அதே தட்டில் அதே நேரம் இருந்தால் இன்னும் ஊறிச் சுவைக்கும். கறி வகையை பஃபேயிலும், மீன், பாஸ்தா, முட்டை, பொரியல் வகையைச் செய்து கையில் தரும் இடத்திலும் எடுங்கள். “ஆஸ்பத்திரிச் சாப்பாடு” என்று முறைப்பட்ட வீட்டார் அனேகமாக பஃபேயில் நேரம் பிந்திப் போய் மீனும் நூடில்ஸும் எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

பஃபேயில் புதுத்தட்டு எப்போது வரும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கூட்டம் அதிகமான நேரத்தில் தட்டு சீக்கிரம் காலியாகிப் புதிது வரும், ஆனால் வரிசை நீளம். மூடுவதற்கு முந்திய அரைமணியில் வரிசை இல்லை, புதுத்தட்டும் இல்லை. இருப்பதைத் தீர்க்கப் பார்ப்பார்கள். திறந்த முதல் 20 நிமிடம்தான் இரண்டும் சேர்ந்து வாய்க்கும் நேரம். தட்டு பாதிக்குக் கீழே போயிருந்தால், அடுத்தது எப்போது வரும் என்று அங்கே நிற்பவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. உள்ளே சொல்லி எடுத்துவருவார்கள்.

கப்பல் ஏறும் நாள் மதியம் பஃபேயின் மிக மோசமான நேரம். 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் ஏறியவர்கள் எல்லோரும் பையோடு அங்கேதான் போவார்கள், ஏனென்றால் அறை இன்னும் தயாராகியிருக்காது. அன்று மதியம், மேசைக்கே கொண்டுவந்து பரிமாறும் மெயின் டைனிங் ரூமையோ ஒரு சின்னக் கஃபேயையோ திறந்துவைக்கும் கப்பல்கள் உண்டு. ஏறியவுடன் கப்பலின் கைத்தொலைபேசிச் செயலியில் அன்றைய பட்டியலைப் பார்த்து அந்த இடத்துக்கு நேரே போங்கள். பிள்ளைகளுக்கு விமானக் களைப்பும் பசியும் சேர்ந்து வரும் நேரம் அது.

இனி நேரம். கொழும்புக் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே. இராச்சாப்பாட்டுக்கு மெயின் டைனிங் ரூமில் வழமையாக இரண்டு பந்தி: ஐந்தரை, ஆறு மணியளவில் ஒன்று, எட்டு மணியளவில் மற்றது. பிள்ளைகள் இருக்கிறார்களே என்று முதற் பந்தியைப் பதிவுசெய்தால், உங்கள் வயிற்றுக்கு அது பின்னேரம் மூன்று, மூன்றரை மணி. யாருக்கும் பசிக்காது, நாலு வயதுப் பிள்ளை மேசையில் முரண்டுபிடிக்கும், பத்து மணிக்கு எல்லோருக்கும் ஒன்றாகப் பசிக்கும். இரண்டாம் பந்தி கொழும்புக் கணக்கில் ஐந்தரை மணி. 4 இரவுக்கு அதுவே தோதானது. காலையிலும் இதே சிக்கல். காலை 8 மணி என்பது கொழும்பில் அதிகாலை ஐந்தரை. பிள்ளைகளை அடித்து எழுப்பாமல் விட்டால் பத்து மணிக்குத்தான் எழும்புவார்கள், டைனிங் ரூம் அதற்குள் மூடியிருக்கும், பஃபேயும் மூடும் தறுவாயில் இருக்கும். ஒன்பதரைக்கு ஒம்லெட் போடுமிடத்தில் நிற்பதாகத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். புக்கெட்டின் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கைத்தொலைபேசி தானாக மாறிவிடும், கப்பல் மாறுமா என்பதை முதல் நாள் இரவு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரமும் கப்பலுக்குத் திரும்பும் நேரமும் கப்பல் மணிக்கூட்டின்படிதான்.

டைனிங் ரூம் சாப்பாடு பஃபேயைவிடப் பொதுவாக ஒரு படி மேலே, ஏனென்றால் தட்டு கடைசி நேரத்தில்தான் கட்டப்படுகிறது. என்றாலும் ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உட்காரும் பந்தி அது. இறைச்சி முதலே பாதி வெந்து காத்திருக்கும். ஸ்டேக்கை எப்படிக் கேட்டாலும் கொஞ்சம் கூட வெந்தே வர இடமுண்டு. அங்கே நன்றாக வருபவை மெதுவாக வெந்த இறைச்சி, சூப், சுட்ட கோழி, இந்தியக் கறிகள். முன்னுணவும் இனிப்பும் முதலே செய்து குளிரில் வைப்பவை என்பதால் அவற்றில் தவறு நடப்பது அரிது. ஒன்று பிடிக்காவிட்டால் மாற்றிக் கேட்கலாம், இரண்டு முன்னுணவு கேட்கலாம், பெரியவர்களின் உணவைப் பாதியளவில் பிள்ளைக்குக் கேட்கலாம், இவற்றுக்குப் பணமில்லை. லொப்ஸ்டர் போன்ற சிலவற்றுக்கு மேலதிகக் கட்டணம் என்று மெனுவிலேயே போட்டிருக்கும்.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை. தீவிலிருந்து போகிறவர்கள் கடலில் மிதக்கும் கப்பலில் நல்ல மீன் கிடைக்கும் என்று நினைத்துப் போய் ஏமாறுவார்கள். பொருளெல்லாம் பயணம் தொடங்கும் துறைமுகத்தில் ஒரே நாளில் ஏற்றப்படுகிறது. மீன், இறால், கணவாய் பெரும்பாலும் உறையவைத்தவை. காலையில் பேலியகொடையில் வாங்கிய அறக்குளாவை மத்தியானம் குழம்பு வைத்துச் சாப்பிட்டுப் பழகிய நாவுக்கு அது பிடிக்காது. மீன் ஆசையைப் பினாங்கில் தரையிறங்கித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜோர்ஜ் டவுன் பட்டணம் துறைமுகத்திலிருந்து நடை தூரம், லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடும் உண்டு. மாமிக்கும் அங்கே ஒரு நேரம் நம்முடைய ருசியில் கிடைக்கும்.

மாமியின் சாப்பாட்டுக்குத்தான் அதிகம் ஆயத்தம் வேண்டும். “வெஜிடேரியன்” என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். கப்பல் குசினியில் அந்தச் சொல் முட்டையையும் பாலையும் உள்ளடக்கும். கிழக்காசிய மரக்கறி வறுவலில் சிப்பிச் சோஸ் இருக்கலாம், தாய்லாந்துக் கறியில் மீன் சோஸ் இருக்கலாம், சூப்பின் அடிநீர் கோழியில் கொதித்ததாக இருக்கலாம், ஜெலியிலும் மூஸிலும் ஜெலட்டின் இருக்கலாம், கேக்கில் முட்டை கட்டாயம். எழுதும்போது இப்படி எழுதுங்கள்: இந்தியச் சைவம், முட்டை, மீன், இறைச்சி, இவற்றின் சோஸ், அடிநீர், ஜெலட்டின் எதுவும் கூடாது, பால், தயிர், பட்டர் கூடும். வெங்காயமும் உள்ளியும்கூட ஆகாதென்றால் ஜெயின் (சமண) உணவு என்ற சொல் பெரும்பாலான கப்பல்களில் புரியும். பயணத்துக்கு ஆறு வாரமாவது முன்னர் முகவர் மூலம் அனுப்பி, பதிவில் ஏறியதற்கான உறுதியை எழுத்தில் வாங்குங்கள். முகவர் “சொல்லியாச்சு” என்று தொலைபேசியில் சொல்வது போதாது.

அதோடு விட்டுவிடாமல், ஏறிய அன்று இரவு தலைமை வெயிட்டரை மேசைக்கு அழைத்து மாமியைக் காட்டிச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு இரவும் அடுத்த நாள் மெனுவைக் காட்டச் சொல்லி, நாளைக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். முதலே தெரிந்தால் குசினி தனியாக, சின்ன அளவில், புதிதாகச் செய்யும். பெரிய பாத்திரத்து உணவைவிட அது நன்றாயிருப்பது இயல்பு. அந்த மேசையில் நல்ல சாப்பாடு மாமிக்குத்தான் வாய்க்கும். ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்: வருவது வட இந்தியச் சமையல். தக்காளி, கிறீம், பனீர், பாஸ்மதி. தேங்காய்ப்பால் சொதி, பிட்டு, இடியப்பம், சம்பல் எதுவும் இராது. வெறும் சோறு, பருப்பு, தயிர், வெட்டிய வெள்ளரிக்காய், அப்பளம் என்று கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

உறைப்பு பற்றாது என்பது நம்மவர் எல்லோருடைய குறை. பல நாட்டுப் பயணிகளுக்கும் ஒத்துப்போகவேண்டும் என்று நடுத்தரமாகவே உப்பும் உறைப்பும் போடுகிறார்கள். மெல்லியதாக வெட்டிய வெங்காயமும் பச்சை மிளகாயும் ஒரு கிண்ணத்தில், தேசிக்காய்த் துண்டோடு கேளுங்கள். உப்பைப் போட்டுக் கையால் பிசைந்தால் மேசையிலேயே சம்பல். வீட்டில் இடித்த கட்டசம்பலைக் கொண்டுபோக நினைக்காதீர்கள். வீட்டில் சமைத்த எதையும் ஏற்றவிடமாட்டார்கள். கடையில் முத்திரையிட்ட போத்தல் சட்னி, அச்சாறு, பிஸ்கற் பொதி, தேயிலைப் பை பொதுவாகப் பிரச்சினையில்லை. மின்கேத்தல், றைஸ் குக்கர், சூடாக்கும் எந்தக் கருவியும் ஏறும்போது பறித்து வைத்துவிட்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். தேத்தண்ணி ஆசைக்காரருக்கு: பஃபே இயந்திரத்தில் வருவது சுடுநீர், கொதிநீர் இல்லை. அதில் நம்முடைய தேயிலை சாயம் இறங்காது. கஃபேயில் கொதிநீர் கேட்டு, பையைப் போட்டு ஐந்து நிமிடம் மூடிவையுங்கள்.

ஹலால் பார்க்கும் குடும்பங்களும் இதே கேள்வியைக் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜெண்டிங் ட்ரீம் கப்பலில் ஹலால் சமையலும், சைவ, ஜெயின் சமையலும் தனித்தனியாக உண்டு. மாமியின் சாப்பாடுதான் முதற் கவலை என்றால் அந்தக் கப்பலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியச் சாப்பாட்டையே மையமாக வைத்த இன்னொன்று கோர்டீலியா. 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை தொட்டுப்போன அந்தக் கப்பல்தான். 1990இல் சேவைக்கு வந்த பழைய கப்பல், அளவிலும் சிறியது; பிள்ளைகளுக்கான விளையாட்டுகள் பெரிய கப்பல்களுக்கு ஈடாகா.

பிள்ளைகளின் மெனு எல்லாக் கம்பனியிலும் ஒரே மாதிரி: கோழி நகட்ஸ், சிப்ஸ், மக்கரோனி சீஸ், பீட்சா. இரண்டு நாள் குதூகலம், மூன்றாம் நாள் மலச்சிக்கல். பஃபேயில் பழப்பகுதியை முதலில் காட்டி, பிறகு மற்றதற்குப் போவது நல்லது. டைனிங் ரூமில் பெரியவர்களுக்கு மூன்று கட்டமாக வரும் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் எடுக்கும்; நாலு வயது அவ்வளவு நேரம் இராது. உட்கார்ந்தவுடன் பிள்ளைகளின் தட்டை உங்கள் முன்னுணவோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சின்னவருக்கு உப்பு குறைத்த பருப்பும் குழைந்த சோறும் கேட்டால் செய்து தருவார்கள். அறையிலுள்ள சின்னக் குளிர்ப்பெட்டி பல கப்பல்களில் குளிரூட்டி மட்டுமே, 5 பாகைக்குக் கீழே போகும் என்று நம்ப முடியாது. பால் வைப்பதென்றால் ஒரு வாளி ஐஸ் கேளுங்கள்.

வயிற்றுக்கோளாறு பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். கப்பலில் பரவும் வாந்தி, வயிற்றோட்டத்துக்கு முதற் காரணம் நோரோவைரஸ். சமையல் பழுதாவதால் வருவதைவிட, ஒருவர் கையிலிருந்து கரண்டிப்பிடிக்கும், அதிலிருந்து இன்னொருவர் கைக்கும் போவதுதான் அதிகம். வாசலில் தெளிக்கும் சனிடைசர் இந்த வைரஸுக்குப் போதாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் 20 வினாடி. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள் என்பதால் இன்னும் கவனம்: பொதுக்கரண்டியால் எல்லாம் எடுத்து முடித்து, மேசையில் வைத்துவிட்டு, பிறகு போய்க் கை கழுவிச் சாப்பிடுங்கள். எடுப்பதற்கு முன் மட்டும் கழுவினால் அத்தனை பேர் தொட்ட பிடிதான் கடைசியாகக் கையில் பட்டதாக இருக்கும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைச் சொல்லாமல் போய்ப் பரிசோதித்து 100க்குப் புள்ளி போடுகிறது. 86 சித்திபெறும் எல்லை. சிங்கப்பூரிலேயே சுற்றும் கப்பலுக்கு இது கிடையாது. ஆனால் ஓவேஷன் போல அலாஸ்காவுக்கும் போய்வந்த கப்பல்களின் அறிக்கைகள் அந்த மையத்தின் இணையத்தளத்தில் இலவசமாக உண்டு. மொத்தப் புள்ளியைவிட, எதற்குப் புள்ளி வெட்டினார்கள் என்பதை வாசியுங்கள். குளிர்ப்பெட்டி வெப்பநிலைக்கும் கைகழுவும் வசதிக்கும் வெட்டியிருந்தால் யோசிக்க வேண்டும். உடைந்த தரையோட்டுக்கு வெட்டியிருந்தால் விட்டுவிடலாம்.

காசு கொடுத்துச் சாப்பிடும் தனி உணவகங்கள் இத்தனை குறுகிய பயணத்துக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஒரு இரவு பெரியவர்கள் இருவரும் போவதென்றால் ஸ்டேக் வகைக்குப் போகலாம், ஏனென்றால் டைனிங் ரூமில் குறைவுபடுவது அதுதான். ஜப்பான் உணவகம், இத்தாலிய உணவகம் கொழும்பிலேயே இருக்கிறது. ரோயல் கரீபியனில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 18 சதவீதம் சேரும். சேவைப்பணமும் தனி: ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 அமெரிக்க டொலரை ஒட்டி, பிள்ளைக்கும் அதே. ஐந்து பேருக்கு 4 நாளைக்கு 360 டொலருக்குக் குறையாது. இதைப் பயணச்சீட்டு விலையோடு கூட்டித்தான் மற்றக் கப்பல்களோடு ஒப்பிட வேண்டும். தண்ணீர், தேத்தண்ணி, சாதாரணக் கோப்பி இலவசம். சோடா வகைக்கு ரோயல் கரீபியனில் பணம். டிஸ்னி கப்பல்களில் சாப்பாட்டோடு இலவசம். இரவு அறைக்குச் சாப்பாடு வரவழைத்தால் கட்டணம் உண்டு, எனவே பத்தரை மணிப் பசிக்கு நள்ளிரவு தாண்டித் திறந்திருக்கும் பீட்சாக் கடையையும் கஃபேயையும் முதல் நாளே பார்த்து வையுங்கள்.

பினாங்கிலோ புக்கெட்டிலோ இறங்கும்போது பஃபேயிலிருந்து அப்பிளோ பாணோ கைப்பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கப்பலின் பழமும் சமைத்த உணவும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளின் பையைத்தான் முதலில் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஏதாவது சரியில்லையென்றால் கடைசி நாள் கருத்துப் படிவத்துக்கு விடாமல் அந்த நேரமே சொல்லுங்கள். “சாப்பாடு சரியில்லை” என்றால் மன்னிப்புத்தான் கிடைக்கும். “மீன் காய்ந்திருக்கிறது, சோறு ஆறியிருக்கிறது, வேறு தட்டு வேண்டும்” என்றால் பத்து நிமிடத்தில் புதுத் தட்டு வரும்.